சிவநேசத்தின் தோளில் இருந்த கை

செய்தி வந்தபோது காலை பதினொன்றேமுக்கால். மொன்றியல் துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்தில், இறக்கி வைத்த கொள்கலன் ஒன்றின் முத்திரை எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். வேலைத்தளத்துக்குள் கைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். அது உடுப்பு மாற்றும் அறையில் பூட்டிக் கிடக்கும். மேற்பார்வையாளர் தானே நடந்து வந்து, அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண் அழுகிறார், உன்னைக் கேட்கிறார் என்றார்.

போய் எடுத்தேன். துஷாந்தினி.

"அண்ணை, நேசக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா."

நேசக்கா என்றது சிவநேசத்தை. என் மனைவி. முப்பது வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள். துஷாந்தினிக்கும் அவளுக்கும் ஏழு மாதப் பழக்கம். அந்த நேரத்திலும் என் மனதில் முதலில் பட்டது சாவு அல்ல, "எங்களை" என்ற சொல்தான். எங்களை என்றால் யாரை?

நடந்தது இதுதான். சிவநேசம் லாசாலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை செய்தாள். நாங்கள் அதைக் கார்டரி என்றே சொல்வோம். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பால் சூடாக்கியபடி நின்றவள் அப்படியே நிலத்தில் விழுந்திருக்கிறாள். மூளையில் இரத்தக்குழாய் ஒன்று வெடித்துவிட்டது. கூட வேலை செய்தவர்கள் என்னை அழைத்தார்கள். என் கைபேசி பூட்டிய பெட்டிக்குள் அடித்து ஓய்ந்தது. அதேநேரம் அவளுடைய கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. ஒவ்வொரு நாளும் கோப்பி இடைவேளையில் கதைக்க எடுக்கும் துஷாந்தினியின் அழைப்பு. எடுத்தவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு டாக்ஸியில் வைத்தியசாலைக்கு ஓடியிருக்கிறார். வைத்தியர் வந்து சொன்னபோது பக்கத்தில் நின்றது அவர்தான்.

நான் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது துஷாந்தினி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி இடம் விட்டார். நான் இருந்தேன். கதிரை சூடாக இருந்தது.

சிவநேசம் அளவெட்டியில் பிறந்தவள். நான் கனடாவுக்கு வந்து, காகிதங்கள் சரியான பிறகு கூப்பிட்டுக் கல்யாணம் செய்தேன். விமான நிலையத்தில் இறங்கிய அன்று அவளிடம் இருந்தது ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையும், கொழும்பில் யாரோ சொல்லிக்கொடுத்த இரண்டு பிரெஞ்சுச் சொற்களும். முதலில் சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ட்டுகளுக்குக் கழுத்துப்பட்டி தைத்தாள். அதை மூடிய பிறகு காப்பகத்துக்குப் போனாள். பிரெஞ்சு மொழியை அங்கேதான் சரியாகப் பழகினாள், மூன்று வயதுப் பிள்ளைகளிடம். அதனால் வரி அலுவலகத்துக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் மூன்று வயதுப் பிள்ளையின் பிரெஞ்சிலேயே கதைப்பாள். "எனக்குச் சுகமில்லை" என்பதற்குக் "குட்டி வயிறு நோகுது" என்பாள். அதிகாரிகள் சிரித்துவிட்டு வேலையை முடித்துக் கொடுப்பார்கள். எனக்கு இலக்கணம் தெரியும். யாழ்ப்பாணத்தில் கல்லூரியில் படித்தவன். எனக்கு ஒருவரும் சிரித்தபடி வேலை முடித்துத் தந்ததில்லை.

வீட்டில் அவள் அதிகம் கதைக்கமாட்டாள். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் முப்பதாவது திருமண ஆண்டுக்கு மகள் சாருஜா தாய்லாந்துச் சுற்றுலா ஒன்றைப் பதிவு செய்து தந்தாள். வழிகாட்டியோடு போகும் பயணம். மொன்றியலிலும் டொரொன்டோவிலும் இருந்து எங்கள் ஆட்களே ஒரு குழுவாகப் போவது. பாங்கொக், அயுத்தயா, வடக்கே சியாங் மாய், பிறகு தெற்கே கடல். அறைக்கு இருவர். சிவநேசம் ஒரு மாதம் முன்பே பெட்டியைத் திறந்து கட்டிலில் வைத்துவிட்டாள். நாங்கள் இருவரும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கிப் படுத்தோம்.

புறப்படுவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது, தெருமுனை டெப்பனேர் கடைக்குப் பால் வாங்கப் போய், வாசலில் உறைந்திருந்த பனியில் சறுக்கி விழுந்தேன். கணுக்கால் முறிந்தது. பயண முகவர், வேறு ஆளின் பெயருக்கு மாற்றலாம், பணத்தைத் திருப்ப முடியாது என்றார். சிவநேசம் தானும் போகவில்லை என்றாள். போயிட்டு வாரும் என்றேன். போகமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்து என் சேர்ட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

என் இடத்துக்கு வந்தவர் துஷாந்தினி. மொன்றியலின் வடக்குப் பகுதியில் தனியே இருப்பவர், முதியோர் இல்லமொன்றில் வேலை, கல்யாணம் கட்டாதவர். காத்திருந்தவர்களில் அவருடைய பெயர்தான் முதலில் இருந்ததாம். என் ஆசனம், என் கட்டில், என் காலைச் சாப்பாட்டுச் சீட்டு எல்லாம் அவருக்குப் போனது. பேருந்தில் அவர் மாட்டியிருந்த அட்டையில் என் பெயரை வெட்டிவிட்டு அவருடைய பெயரை எழுதியிருந்தார்கள். அதைப் படமெடுத்துச் சிவநேசம் எனக்கு அனுப்பினாள். பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று.

பெப்ரவரி மாதம். ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி போய் வந்துகொண்டிருக்கும். நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கைபேசியில் தாய்லாந்தைப் பார்ப்பேன். எனக்கு விடியும்போது அவளுக்குப் பொழுது பட்டிருக்கும். அன்றைய படங்கள் அப்போதுதான் வந்து விழும். ஆற்று நடுவே கோயில் கோபுரம். இடிந்த செங்கல் தாதுகோபங்கள். அரச மரத்தின் வேர்கள் சுற்றிப் பிடித்த ஒரு புத்தர் முகம். மலைக்கோயிலுக்கு ஏறும் நீளமான படிகள், இரண்டு பக்கமும் நாகங்கள். படிப்படியாக வெட்டிய வயல்களில் பனிப்புகார். யானையொன்றைத் தேய்த்துக் குளிப்பாட்டும் சிவநேசம், இடுப்பு வரை நனைந்து. எல்லாவற்றிலும் பக்கத்தில் துஷாந்தினி. ஒரு படத்திலாவது தனியாக நில்லும் என்று எழுதினேன். அடுத்த நாள் தனியாக நின்று ஒரு படம் அனுப்பினாள். நிலத்தில் இரண்டு நிழல் விழுந்திருந்தது.

திரும்பி வந்தவள் கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் மெலிந்து வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்ல வடிவான இடம், ஆக்கள் எங்களைப் போலக் கைகூப்புகினம் என்றாள். அவ்வளவுதான். நான் மேலே கேட்கவில்லை. அவள் சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும் கோப்பி இடைவேளையில், வேறு ஒருவருக்கு.

வந்த பிறகு வீட்டில் ஒரு புதிய பழக்கம் தொடங்கியது. கதவடியில் எங்கள் காவல் தெய்வம் வைரவரின் படம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கு முன் ஒரு சிறிய போத்தல் சிவப்புச் சோடாவைத் திறந்து, உறிஞ்சு குழாயும் போட்டு வைப்பாள். இது என்ன கூத்து என்றேன். "அவருக்கும் தாகம் இருக்கும்தானே" என்றாள். வயது போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் கதை எனக்குத் தெரிய வந்தது அவளுடைய எட்டுச் செலவு அன்று. இறந்த எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். என்ன பிடிக்கும் என்று பெண்கள் என்னைக் கேட்டார்கள். நண்டுக் கறி, கணவாய் வறுவல், மரக்கறியில் கத்தரிக்காய்ப் பால்கறி என்று சொன்னேன். வாழையிலையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். துஷாந்தினி ஒரு பையோடு உள்ளே வந்தார். மாம்பழமும் தேங்காய்ப் பாலில் பிசைந்த ஒட்டுச் சோறும் எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். பிறகு பையிலிருந்து சிவப்புச் சோடாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். குழாயைப் போட்டார்.

சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தமக்கையார் என்னைப் பார்த்தார். நான் போத்தலை எடுக்கக் கை நீட்டினேன்.

"எடுக்காதேங்கோ அண்ணை. அது வைரவற்ர."

பிறகு அவர் சொன்னார். சியாங் மாயில் அவர்கள் தங்கிய விடுதியின் வாசலில், ஒற்றைத் தூணின் மேல் ஒரு சின்ன வீடு இருந்ததாம். அந்த நாட்டில் நிலத்தைக் காக்கும் ஆவிக்கு அப்படி வீடு கட்டி வைப்பார்கள். சிவநேசம் பார்த்திருக்கிறாள்: எல்லையில் நிற்கிறார், காவல் காக்கிறார், பூமாலை போட்டிருக்கிறார்கள். இது வைரவர்தான், இந்தச் சனம் பெயரை மாற்றி வைத்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டாள். வைரவருக்கு வடைமாலை சாத்தாமல் அடுத்த ஊருக்குப் போகக் கூடாது என்றாளாம். பேருந்தில் கொறிப்பதற்கு மொன்றியலில் இருந்து கொண்டு போன பருத்தித்துறை வடைப் பொதியை உடைத்தாள். விடுதி அறையில் இருந்த ஊசி நூலால் ஒவ்வொன்றாகத் துளைத்துக் கோத்தாள். அந்த வடை தட்டையானது, மொறுமொறுப்பானது, பாதி உடைந்தது. உடைந்ததையெல்லாம் கட்டிலில் இருந்து இருவரும் தின்று தீர்த்தார்கள். மிச்சத்தை மாலையாக்கி அந்தச் சின்ன வீட்டுக்குச் சாத்தி, கற்பூரமும் காட்டினாள்.

பயத்தில் ஓடி வந்தவர் வழிகாட்டி. பிம் என்ற இளம் பெண். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று எல்லோரும் நின்றபோது, அவர் முழங்காலில் நின்று கும்பிட்டாராம். விடுதித் தோட்டக்காரர் வந்து மாலையில் எத்தனை வடை என்று எண்ணி, அந்த எண்ணிலேயே லொத்தர்ச் சீட்டு வாங்கப் போனார். அங்கே அந்த ஆவிகளுக்குச் சிவப்புச் சோடாவைத்தான் குழாய் போட்டு வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சிவநேசம் சொன்னாளாம்: "இவ்வளவு காலமும் எங்கட வைரவருக்கு நாங்கள் ஒரு சோடாவும் குடுக்கேல்லையே."

எட்டுச் செலவு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் தமக்கையாரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுடைய வாழ்க்கையில் நான் இதுவரை கேட்காத கதையை, அவளுடைய படையலுக்கு முன்னால், வீடு நிறைந்த சனத்தோடு சனமாக இருந்து கேட்டேன். லொத்தர் விழுந்ததா என்று யாரோ கேட்டார்கள். விழவில்லை என்றார் துஷாந்தினி. அதற்கும் சிரித்தார்கள்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலரில் துஷாந்தினியின் பெயர் வரக்கூடாது. அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதினேன். பிறப்பு, படிப்பு, தொழிற்சாலை, காப்பகம், மகள். தாய்லாந்தை எழுதவில்லை. முப்பது வருடத்தில் பன்னிரண்டு நாள் பெரிய விஷயமா?

ஆனால் அட்டைக்குப் படம் வேண்டும். எங்களிடம் இருந்த படங்களிலெல்லாம் சிவநேசம் கல்யாண வீடுகளில் நிற்கிறாள். பூச்செண்டு மாதிரி விறைப்பாக, வாயை மூடிக்கொண்டு. நானும் சாருஜாவும் தேடித் தேடிக் கடைசியில் அவளுடைய கைபேசியில் ஒன்றைக் கண்டெடுத்தோம். தெற்கே கடலில், நீளமான வால் வைத்த மரப் படகு. பின்னால் பச்சைத் தண்ணீரிலிருந்து நேரே எழும்பி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலை. சிவநேசம் சந்தையில் வாங்கிய யானை அச்சுச் சட்டையோடு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். கடைவாய்ப் பல்லின் தங்க மூடி தெரிகிறது. அந்தத் தங்க மூடியை நான் அதற்கு முன் கண்டது பல் வைத்தியரின் கதிரையில்தான்.

அவளுடைய தோளில் ஒரு கை. படத்தின் ஓரத்திலிருந்து நீண்டு வந்து, ஐந்து விரலும் விரித்து வைத்திருக்கும் கை. நகங்கள் இரத்தச் சிவப்பு.

கையை எடுத்துவிடு பிள்ளை என்று சாருஜாவிடம் சொன்னேன். அவள் விளம்பர நிறுவனமொன்றில் வேலை செய்பவள். கணினியில் இதெல்லாம் அவளுக்குச் சின்ன வேலை. எடுத்துக் காட்டினாள். சரிவரவில்லை. கையின் பாரத்தில் அந்தத் தோள் கொஞ்சம் பதிந்திருந்தது. கை போனதும் சிவநேசம் தோள் சரிந்த நோயாளி மாதிரி இருந்தாள், சிரிக்கும் நோயாளி. திரும்பவும் கையை வைக்கச் சொன்னேன். வைத்தாள். தோள் சரியானது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"அந்தச் சிவப்பை மட்டும் அழிச்சு விடு. பாக்கிறவைக்கு அது என்ர கை மாதிரி இருக்கும்."

சாருஜா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் தாய்லாந்துக்கே போகேல்லை."

"படத்துக்கு அது தெரியாது."

"அங்க வாற எல்லாருக்கும் உங்கட கால் முறிஞ்சது தெரியும். அதோட உங்கட கை இவ்வளவு வடிவுமில்லை."

இருந்தாலும் செய்தாள். தாயை இழந்தவள், தகப்பனோடு மல்லுக்கட்ட அவளுக்கும் தெம்பு இருக்கவில்லை. நகம் நகமாகப் பெரிதாக்கி, சிவப்பை எடுத்து, தோலின் நிறத்தை நிரப்பினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சின்ன விரல் போனது. மோதிர விரல் போனது. ஒவ்வொரு விரலாக அந்தக் கை என்னுடையதாகிக்கொண்டு வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும், சிவநேசம் போன பிறகு எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான்.

பெருவிரலுக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. துஷாந்தினி. முப்பத்தொன்றுக்கு வைரவருக்கு வடைமாலை தான் கோத்துக்கொண்டு வரட்டுமோ என்று கேட்டார். வாரும் என்றேன். வைக்கப் போனவன், வைக்காமல், படகுப் படத்தைப் பற்றிக் கேட்டேன். சிவநேசம் எதற்கு அப்படிச் சிரித்தாள் என்று கேட்டேன்.

"அதோ அண்ணை? அந்தப் படகில வைச்சுத்தான் எனக்கு நகத்துக்குப் பூசிவிட்டவ. பாங்கொக் சந்தையில வாங்கினது. எங்கட ரெண்டு பேற்ர வேலையிலயும் அது பூச விடாயினம்தானே, இங்க எண்டாலும் பூசுவம் எண்டவ. படகு ஆடின ஆட்டத்தில விரலெல்லாம் பட்டிட்டுது. காயுமட்டும் ஒண்டிலயும் முட்டாதையும் எண்டு சொல்லி, என்ர கையைத் தானே தூக்கித் தன்ர தோளில வைச்சவ. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு."

அவவுக்கு யார் பூசியது என்று கேட்டேன்.

"நான்தான். பிளேனில ஏற முதல் துடைச்சுப்போட்டா. கார்டரியில பேசுவினம் எண்டு."

அவள் வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. காப்பகம் திறப்பது திங்கட்கிழமை. இடையில் இரண்டு நாள் அவளுடைய நகங்களைப் பார்க்க நான் மட்டும்தான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் நகப்பூச்சு என்ற பொருளே இருந்ததில்லை. அவளுக்கு அது வேண்டுமா என்று யோசித்ததும் இல்லை. நான் அழிக்கச் சொன்ன சிவப்பு துஷாந்தினியுடையது என்று நினைத்தேன். அது என் மனைவி ஆடும் படகில் குனிந்து இருந்து, தூரிகை பிடித்துப் பூசியது. அவளுடைய கையால் செய்த நான்கு சின்ன வேலையை நான் அழித்துவிட்டேன். அப்போதும் பொறாமை போகவில்லை. எனக்குப் பூசிவிடவில்லையே என்றுகூட நினைத்தேன். ஓர் ஆண்பிள்ளை நினைக்கிற நினைப்பா அது?

சாருஜாவிடம் காணும், விடு என்றேன். அழித்த நாலையும் திரும்பக் கொண்டுவரலாம், ஒரு நிமிட வேலை என்றாள். வேண்டாம் என்றேன். அப்படியென்றால் பெருவிரலையும் முடித்துவிடவா என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். அச்சகத்துக்கு அன்றைக்கே அனுப்ப வேண்டியிருந்தது. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, இருந்தபடியே அனுப்பிவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. காப்பகத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது; அவர்கள் அட்டையில் அந்தச் சிரிப்பைக் கண்டு, இதுதான் எங்கள் நேசா என்று பிரெஞ்சில் சொன்னார்கள். இந்தச் சிரிப்பு அவர்களுக்கும் பழக்கமானது என்று அப்போது தெரிந்தது. அந்தக் கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

துஷாந்தினி வடைமாலையோடு வந்தார். பாதி வடை உடைந்துவிட்டது, உடைந்தது பையில் இருக்கிறது என்றார். நானே மலரைக் கொடுத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு தன்னுடைய வலக் கையை விரித்து, வெறும் நகங்களைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் திட்டினால் நல்லது என்று நின்றேன்.

"ஒரு விரலாவது எனக்கு விட்டீங்களே, அண்ணை."

கோபத்தோடு சொல்லவில்லை. மலரைக் கைப்பைக்குள் மடங்காமல் வைத்தார். பிறகு பையிலிருந்து உடைந்த வடைத் துண்டொன்றை எடுத்து என் கையில் தந்தார். சிவநேசமும் அவரும் கட்டிலில் இருந்து தின்றது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே தின்றேன். அவருக்கு என் பக்கத்தில் ஒரு கதிரை இழுத்துப் போட்டேன். சாப்பாட்டில் உப்புக் கூடிப்போச்சு என்றார். ஓம் என்றேன்.

அந்தப் படம் சாருஜாவின் கணினியில் இன்னும் அப்படியே கிடக்கிறது. நான்கு நகங்கள் வெறும் தோல் நிறம். பெருவிரல் நகம் சிவப்பு.